காலிக் கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதிதான் உண்மை. நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தைக்கு மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்கிறாயா?

போன் இருக்கும்போது அண்ணி எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நடுப்பார்வை முழுக்கவே போய்விட்டது. ஓரத்தில் மட்டும் ஏதோ மங்கலாகத் தெரிகிறது, அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது. போகாத மருத்துவர் இல்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது இந்த வீட்டில் போனும் கணினியும் வாய்விட்டுப் பேசுகின்றன. திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளை அவர் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் அவர் காதில் விழும். தாளில் எழுதினால்தான் அவருக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்ய முடிகிறது. இதை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. வெறுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்லவே கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். "அவளுக்குத் தெரிஞ்சா நாளைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பா. அப்புறம் நான் அண்ணன் இல்ல, நோயாளி" என்கிறார். அதனால் நீ பெட்டியைத் தூக்காதே. எனக்கு வேண்டியது வேறு.

அவர் அலுவலகத்தில் தலைவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டாருக்குப் புதிதாக ஒரு போர்டு வந்திருக்கிறதாம். அதற்கு உன் அண்ணன் யார் துணையும் இல்லாமல் டிரைவர் எழுதி, ஏப்ரலில் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் உன் அண்ணன் தன் இருக்கையிலேயே இருப்பார். இல்லாவிட்டால் தொலைபேசிக்குப் பதில் சொல்கிற மேசைக்குப் போக வேண்டியதுதான். அங்கே போனால் மனிதர் உயிரோடு இருப்பார், உன் அண்ணனாக இருக்க மாட்டார்.

அந்தப் போர்டில் இருக்கும் சில்லு உன் நிறுவனத்துடையது. அதற்காக இணையத்தில் இருக்கும் விளக்கப் பக்கங்களும் உன் பிரிவுடையவைதானே? வாயாடி அதை வாசிக்கும் அழகை நீ கேட்க வேண்டும். "கோடு கோடு கோடு கோடு, குத்துக்கோடு, இடைவெளி, கோடு கோடு" என்று ஒரு மணி நேரம் போகிறது. அவர் மேசையைக் குத்துகிறார். நான் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள், எனக்கு இதில் என்ன தெரியும்? உனக்குத் தெரியும். ஏதாவது செய்ய முடியுமா?

பதிலை நான் வேலை செய்யும் மருத்துவமனை முகவரிக்குப் போடு.

உன்னை நம்பியிருக்கும்,
அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா நலம், மாத்திரையும் தீரவில்லை. என் முதுகுவலி சம்பள நாளைத் தவிர மற்ற எல்லா நாளும் வருகிறது. நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா?

கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, "யாருக்கு என்ன?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்க அண்ணனுக்கு என்று மட்டும் சொன்னேன். வயிறு நோக அழுதேன். என்னிடம் மறைத்தான் என்ற கோபமும் இருக்கிறது. அதை மடித்து வைத்திருக்கிறேன், பிறகு அவனிடம் விரித்துக் காட்டுவேன். இப்போது வேலை.

அந்தப் பக்கங்கள் என் பிரிவுடையவைதான். டிரைவர் என்பது கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற நிரல். அதை எழுதுகிறவர்கள் படிக்கத்தான் நாங்கள் பக்கம் தயாரிக்கிறோம். அம்மா இன்னும் பக்கத்து வீட்டில் "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் டிரைவர் லைன்ல இருக்காங்க" என்றுதான் சொல்கிறாள். போன மாதம் ஒருவர் வீடு மாற்ற வண்டி கேட்டு வந்துவிட்டார்.

வாயாடி ஏன் கோடு கோடு என்கிறது என்றால், தப்பு எங்கள் பக்கம். இது தலைப்பு, இது பட்டியல், இது அட்டவணை என்று மூல உரையில் குறி போட்டு எழுத வேண்டும். குறி இருந்தால் வாயாடிக்கும் புரியும். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும், அட்டவணையில் எந்த வரிசை எந்தக் கட்டம் என்று சொல்லும். எங்களுக்கு முன்னால் இருந்த மகராசர்கள் குறியே போடவில்லை. தலைப்புக்குப் பதில் எழுத்தைத் தடிப்பாக்கிவிட்டார்கள். அட்டவணைக்குப் பதில் கோடும் இடைவெளியும் தட்டித் தட்டிப் படம் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். உள்ளே ஒன்றுமில்லை.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு நான் வைத்த பெயர் பவுடர். இந்த வருடம் எல்லாப் பக்கத்துக்கும் புது நிறமும் புது எழுத்துருவும் பூச வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். அந்த வேலை என் கையில்தான் இருக்கிறது. நிறம் பூசுகிற சாக்கில் உள்ளே புகுந்து மொத்தத்தையும் பிரித்துக் கட்டப்போகிறேன். அண்ணன் எந்த அத்தியாயத்தில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருங்கள். அவன் வந்து சேர்வதற்கு முன்னால் நான் அங்கே இருப்பேன்.

எனக்குத் தெரியும் என்று அவனிடம் மூச்சு விட மாட்டேன். இது வாக்கு.

உங்கள்,
வாலு


பிப்ரவரி 11

அன்புள்ள வாலு,

நலம். எனக்குக் கொஞ்சம் சளி, பெரிதாக ஒன்றுமில்லை. அத்தையையும் உன்னையும் விசாரித்ததாக எழுதச் சொல்ல இங்கே ஆள் இல்லை, அதனால் நானே இரண்டு பேருக்கும் சேர்த்து விசாரித்துவிடுகிறேன்.

முந்தாநாள் மாலை உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வாயாடி "இரண்டாம் நிலைத் தலைப்பு, மின்னிணைப்பு" என்றது. அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். "இரண்டாம் நிலைத் தலைப்பு, கடிகாரத் துடிப்பு" என்றது. திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார். "இந்தக் கம்பெனியில யாருக்கோ திடீர்னு புத்தி வந்திருக்கு" என்றார். அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சிரித்து எத்தனையோ மாதம் ஆகிறது. அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறார். அடுத்து நேராக ஆறாம் அத்தியாயத்துக்குப் போகப்போகிறாராம், மோட்டாரை உயிர்ப்பிக்கும் முறை அதில்தான் இருக்கிறதாம். நடுவில் உள்ளது அவருக்குத் தேவைப்படாதாம்.

இந்த இடம் எழுதும்போது வாசலில் வந்து நின்று, "யாருக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்டார். பேனா தாளில் ஓடுவது அவருக்குக் கேட்கிறது. பாங்குக்கு என்றேன். "பாங்குக்கு இவ்வளவு வேகமா எழுத மாட்டியே" என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சளி விட்டதா? வெந்நீர் குடியுங்கள். நீங்கள் படுத்தால் அந்த வீட்டை யார் பார்ப்பது? அம்மாவும் நானும் நலம்.

சிரித்தான் என்று நீங்கள் எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

இங்கே அலுவலகத்தில் ஒரு சின்னப் பேச்சுவார்த்தை நடந்தது. நான் நிறம் பூசாமல் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பவுடருக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டார். "யாரும் பார்க்காத இடத்துல எதுக்கு நேரத்தை வீணாக்குறீங்க? பார்க்க நல்லா இருந்தா போதும்" என்றார்.

"கேக்கவும் நல்லா இருக்கணும் சார்" என்றேன்.

"கேக்கவா? பக்கத்தையா?"

பக்கத்தைக் கேட்டு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். "ஒருத்தர் இருக்கார். எனக்குத் தெரியும்" என்றேன். அந்த ஒருத்தருக்காகவா இத்தனையும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. அதற்கு மேல் பேசியிருந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக ஏதாவது சொல்லி வேலையைத் தொலைத்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அலுவலக நேரத்தில் நிறம் மட்டும்தான் பூச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. சரி, பூசுகிறேன். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் உள்ள நேரம் அவருடையதில்லையே. காவலாளி எனக்காகக் கதவைச் சீக்கிரம் திறந்துவிடுகிறார். ஆறாம் அத்தியாயத்தில் கோடு போட்டு வரைந்திருந்த அட்டவணையை எல்லாம் எடுத்துவிட்டு, முறையாகக் குறி போட்டுக் கட்டிவிட்டேன். பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்து விடுபடவில்லை. அச்சடித்த மாதிரி வந்திருக்கிறது.

அவனை ஆறாம் அத்தியாயத்துக்குள் தைரியமாகப் போகச் சொல்லுங்கள். சொல்ல முடியாதுதான். மனதுக்குள் சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு


ஏப்ரல் 3

அன்புள்ள வாலு,

எல்லோரும் நலம், சளி போன இடம் தெரியவில்லை.

எழுதி முடித்துவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுகிறார். ஆறாம் அத்தியாயம் கேட்கவே சுகமாக இருந்தது என்று அவரே சொன்னார். "படிப்படியா சொல்லுது. எந்தப் படி, என்ன அளவு, எவ்வளவு காத்திருக்கணும். கண்ணு இருந்தப்பகூட இவ்வளவு தெளிவா படிச்சதில்ல" என்றார். கண் இருந்தபோது என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்.

நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவே உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை போய் வாரங்கள் ஆகிவிட்டன. கொண்டாட்டத்தில் மறந்திருப்பீர்கள் என்று முதல் வாரம் நினைத்தேன். தபால் தொலைந்திருக்கும் என்று அடுத்த வாரம் நினைத்தேன். அண்ணனுக்குப் போன் செய்தால், "நல்லா இருக்கேன், வேலை அதிகம், அப்புறம் பேசறேன்" என்று மூன்றே வாக்கியத்தில் வைத்துவிடுகிறான். அவன் குரல் நன்றாக இல்லை. எதுவானாலும் எழுதுங்கள்.

வாலு


மே 12

அண்ணி,

நீங்கள் நலமா? ஒரு வரி போதும். எழுதாவிட்டால் அம்மாவிடம் ஏதாவது பொய் சொல்லிவிட்டு அடுத்த வண்டி பிடித்து வந்துவிடுவேன். பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாயிற்று.

வாலு


மே 20

அன்புள்ள வாலு,

உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நீ வராதே. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன், அதுதான் இத்தனை தாமதம். மன்னித்துக்கொள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே டாக்சியில் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "கருகிப்போச்சு" என்றார். எது என்றேன். போர்டு என்றார். மோட்டாரை உயிர்ப்பித்ததும் புகை வந்ததாம். எல்லோர் முன்னாலும். தண்ணீர் கொடுத்தேன், வாங்கி அப்படியே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு வேலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. போன வாரம் நான் விடாமல் கேட்டதில் கொஞ்சம் சொன்னார். எனக்குப் புரியவில்லை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மோட்டாரை உயிர்ப்பிக்கும்போது ஒவ்வொரு படிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டுமாம். நான்காம் படிக்கு நேரம் சொல்லியிருந்ததாம். ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் வாயாடி "காலி" என்றதாம். காலி என்றால் காத்திருக்க வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அவர் எழுதியிருக்கிறார். அங்கே காத்திருக்காததால்தான் கருகியிருக்கிறது. "அதுல நேரம் இருந்திருக்கும். எனக்குத்தான் காதுல விழல. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன், காதும் லாயக்கில்ல" என்கிறார்.

தலைவர் நல்ல மனிதர். மாத முடிவுக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார், அந்தத் தொலைபேசி மேசையா அல்லது விலகலா என்று. நேற்று இவர் விலகல் கடிதம் தட்டினார். தட்டி முடித்து, பிழை இருக்கிறதா என்று வாயாடியை வாசிக்கச் சொன்னார். நான் சமையலறையில் நின்று முழுவதையும் கேட்டேன். அந்தக் குரலுக்கு எல்லாம் ஒன்றுதான், சமையல் குறிப்பையும் அப்படித்தான் வாசிக்கும். இன்னும் அனுப்பவில்லை.

நீ இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆகிவிட்டது. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

அண்ணி


மே 26

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்டால் நலம் என்பாய், அதனால் கேட்கவில்லை. அம்மா நலம்.

இது மின்னஞ்சல், வாயாடிதான் உனக்கு வாசிக்கும். பக்கத்தில் யாராவது இருந்தால் கதவைச் சாத்திக்கொள். உன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து தெரியும். அண்ணியைத் திட்டாதே. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவரைத்தான் நான் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டேன். உன்னிடம் மூச்சு விட மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அதை உடைக்கிறேன், உடைக்காமல் இருக்க வழியில்லை.

உன் காதில் குறையில்லை. ஐந்தாம் படியில் வாயாடி "காலி" என்றுதான் சொன்னது. நீ கேட்டது சரி. பக்கம்தான் தப்பு.

எங்கள் பக்கங்களை எழுதியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேல் வரிசையில் உள்ள அளவே கீழ் வரிசைக்கும் என்றால் கீழே எழுத மாட்டார்கள், கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். பார்க்கிறவன் கண் தானாக மேலே போய் அளவை எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கங்களைப் பிரித்துக் குறி போட்டுக் கட்டியவள் நான். காலிக் கட்டத்தைக் காலியாகவே வைத்தேன். பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓர் எழுத்து விடுபடவில்லை என்று அண்ணியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவைகூடக் காதால் கேட்கவில்லை.

அண்ணியின் கடிதம் வந்த மறுநாள் காலை, வாயாடி மாதிரி ஒன்றை என் கணினியிலும் போட்டுக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு ஆறாம் அத்தியாயத்தைக் கேட்டேன். "ஐந்தாம் படி. காத்திருப்பு நேரம். காலி." கேட்டதும் என் கை காத்திருக்க வேண்டாம் என்று குறித்துக்கொண்டது. அந்த அட்டவணையைக் கட்டினவளே நான்தான், எனக்கே அப்படித்தான் கேட்டது.

அளவை எழுதி நிரப்பிவிட்டு, பேசாமல் இருந்துவிடச் சொன்னார் எங்கள் தலைவர். "யாருக்கும் தெரியாது, விடுங்க" என்றார். தெரியாமல் போகக் கூடாது என்பதுதான் என் கவலை. முதல் பக்கத்திலேயே திருத்த அறிவிப்புப் போட்டுவிட்டேன். ஆறாம் அத்தியாயத்தில் ஐந்தாம், ஆறாம் படிகளுக்கான காத்திருப்பு நேரம் விடுபட்டிருந்தது, பக்கத்தைப் பின்பற்றினால் போர்டு கருகும், தவறு ஆவணப் பிரிவுடையது என்று. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டேன். அறிவிப்பை எடுக்க மாட்டேன் என்று சொல்லியாயிற்று.

அந்த விலகல் கடிதத்தை அனுப்பாதே. அறிவிப்பை உங்கள் தலைவருக்கு வாசித்துக் காட்டு. பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் போ. ஆனால் செய்யாத தப்புக்காகப் போகாதே.

உன் தங்கை,
வாலு


ஜூன் 24

வாலுவுக்கு,

நலம். இந்தத் தடவை கேட்காமலே சொல்கிறேன்.

பதிலுக்கு இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம். உன் அண்ணியோடு மூன்று நாள் பேசவில்லை. அவளும் பேசவில்லை. கடைசியில் வாயாடி மட்டும்தான் இந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தது. அதைச் சகிக்க முடியாமல் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். தெரிந்துகொண்டே ஐந்து மாதம் என்னிடம் நடித்திருக்கிறீர்கள். நானும் உங்கள் எல்லோரிடமும் அதற்கு மேல் நடித்திருக்கிறேன். கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் நஷ்டம், அதனால் விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததில் உன் அண்ணிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. என் விஷயம் தலைவருக்கு மட்டும்தான் தெரியும், கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் முன்னால் பார்க்கிற மாதிரியே நடந்துகொள்வேன். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்புவேன், திரையைப் பார்த்துத் தலையாட்டுவேன். மோட்டாரை உயிர்ப்பித்ததும் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. எழுந்து கை தட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு நின்றேன். வாசனை வந்த பிறகுதான் புகை என்று தெரிந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பார்த்துக்கொண்டே சிரிக்கிறான் என்றும் நினைத்திருப்பார்கள். போர்டு கருகியதைவிட அதுதான் என்னைக் கொன்றது. அந்த அறைக்குள் திரும்பப் போக முடியாமல்தான் விலகல் கடிதம் எழுதினேன்.

உன் அறிவிப்பைத் தலைவர் அறையில் சத்தத்தைக் கூட்டி வைத்து வாயாடியை வாசிக்க விட்டேன். முழுவதும் கேட்டார். "அப்ப உன் நிரல்ல தப்பு இல்ல" என்றார். "இல்ல" என்றேன். எவ்வளவு நாளாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. சரி, இன்னொரு போர்டு தருகிறேன், மறுபடியும் ஓட்டிக் காட்டு என்றார்.

நேற்று ஓட்டினேன். ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்று சொன்னேன்: "எனக்குக் கண் தெரியாது. இங்க நடக்கறது எனக்குத் தெரியணும்னா யாராவது வாயைத் திறந்து சொல்லணும்." அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததும் நல்லதுதான். பிறகு சோதனைப் பிரிவில் இருக்கும் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கட்டிலின் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் விசையைத் தட்டினேன். "விளக்கு பச்சை சார். புகை இல்ல. ஏறுது. ஏறுது சார்" என்று அவள் சொல்வதற்குள் சட்டம் என் கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று. தோள் உயரம் வரை போய் நின்றது. கையை எடுக்க மனம் வரவில்லை.

இருக்கை எனக்குத்தான். அம்மாவிடம் நேற்று இரவு நானே போனில் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு உன்னைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள். நீ இனி வீட்டில் எதையும் மறைக்க வேண்டாம்.

அந்த எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் ஒன்று எனக்கு அனுப்பு. எங்கள் தலைவர் உனக்காக உங்கள் நிறுவனத்துக்கு எழுதப்போகிறார், அவருக்கு அது வேண்டுமாம்.

இன்னொன்று. எட்டாம் அத்தியாயத்தில் பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட விளக்கம் கிடையாது. வாயாடி "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. என்ன படம்? எந்தக் கம்பி எங்கே போகிறது? அடுத்த திங்கட்கிழமை எனக்கு அந்த அத்தியாயம் தேவைப்படுகிறது. எழுதி, கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பு.

இப்படிக்கு,
கண் தெரியாத உன் அண்ணன்